மேஜர் மூன்று, மைனர் ஒன்பது

குகனுக்குத் தன் மச்சினன் பரணி மேல் பொறாமை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு. நேரத்தை இப்படிப் புட்டுப் புட்டு வைக்க முடிவதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் டீ வருகிற நேரம் அது. ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக நின்றவன், பரணியின் பனியன் கடைக்கு மூவாயிரத்து நூறு வாக்கு விழுந்திருப்பதைப் பார்த்தான். கடையைப் போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. தன்னுடைய நிட்டிங் மெஷினுக்கு ஒன்றரை வருஷத்தில் விழுந்தது நானூற்றுப் பன்னிரண்டு. டீ ஆறிப்போனது. வயிறு மட்டும் ஆறவில்லை.

கடை என்றால் நிஜக் கடை இல்லை. மெஷினும் நிஜ மெஷின் இல்லை. இரண்டும் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டியவை. குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி விளையாடுகிற, தலையில் குமிழ் வைத்த அதே கட்டைகள்தான். நாற்பது வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்குக் குகன் பதில் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சீட்டாடுகிறவனை யாரும் அப்படிக் கேட்பதில்லையே என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வான்.

ஐரோப்பாவில் பெரிய கட்டைக் கம்பெனி ஒன்று இருந்தது. வருஷா வருஷம் புது செட்டுகளை வெளியிடும். அவற்றில் ஒன்றிரண்டு ரசிகர்களே யோசித்துக் கட்டியவையாக இருக்கும். கட்டிப் படமெடுத்துக் கம்பெனியின் தளத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் பத்தாயிரம் பேர் வாக்குப் போட்டால் கம்பெனிக்காரர்கள் அதை வரவழைத்துக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். தேறினால் பெட்டிக்குள் போட்டு உலகம் பூராவும் விற்பார்கள், கட்டியவன் பெயரைப் பெட்டி மேலேயே அச்சடித்து. அந்தப் பெட்டி மேல் ‘குகன், திருப்பூர்’ என்று இருக்க வேண்டும். அவன் ஆசை அதுதான். திருப்பூரிலிருந்து மாதம் எத்தனையோ லட்சம் சட்டை கப்பலேறுகிறது. ஒரு சட்டையிலாவது தைத்தவன் பெயர் இருக்கிறதா? அதைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

குகன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கியூசி. சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகப் பார்க்கிற கண் அவனுடையது. தையல் விட்டிருக்கிறதா, சாயம் திட்டாக இருக்கிறதா, இடது கையும் வலது கையும் ஒரே நீளமா என்று பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. பெரிய தப்பென்றால் மேஜர், சின்னதென்றால் மைனர். சாமி சிலையைக் காட்டினாலும் மூக்கு அரை சென்டிமீட்டர் கோணல் என்பான் என்று சூப்பர்வைசர்கள் பேசிக்கொள்வார்கள். அவன் காதுபடவே பேசுவார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

பரணியை இந்தப் பழக்கத்தில் இழுத்து விட்டதும் குகனேதான். பரணி அவன் மனைவி சண்முகப்பிரியாவின் தம்பி. மங்கலத்தில் சட்டைக் காலருக்கு லேபிள் அடிக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுக்கு வந்தவன் மாமனின் ஷோகேஸைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றான். அந்த வாய்பிளப்பில் மயங்கிய குகன், தான் கழித்துப் போட்டிருந்த கட்டைகளை அட்டைப்பெட்டி நிறைய அள்ளிக் கொடுத்தான். வெயில் பட்டு மஞ்சளித்த வெள்ளை, கீறல் விழுந்தது, ஒரே நிறத்தில் இரண்டு ஷேடு வந்தது எல்லாம் அதில் கிடந்தன. “வெச்சு வெளையாடு மாப்ள” என்றான். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். அவன் மிஞ்சியதைத்தான் கொடுத்தான். வாங்கிக்கொண்டு போனவன் அவனையே மிஞ்சிவிட்டான்.

பரணி கட்டியது செகண்ட்ஸ் பனியன் கடை. எக்ஸ்போர்ட்டில் கழிந்துபோன சட்டைகளைக் குவித்துப் போட்டு விற்கிற ரோட்டோரக் கடை. மேலே தகரக் கூரை, முன்னால் அதைத் தாங்க ஒற்றைத் தூண், தூணைச் சுற்றி நிறம் நிறமாகச் சட்டைக் குவியல். ஒரு பொம்மைப் பெண் ஒரு பனியனை எடுத்துத் தன் பொம்மைக் கணவனின் முதுகில் வைத்து அளவு பார்க்கிறாள். அவன் ‘எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை’ என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கழித்துப்போட்ட கட்டைகளை வைத்தே கழித்துப்போட்ட துணிக்குக் கடை. இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் குகனை அரித்தது. அவனுடைய மெஷினில் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது கட்டை. ஒன்றில்கூடக் கீறல் கிடையாது. கைப்பிடியைத் திருகினால் நாற்பத்தெட்டு நூல்கண்டும் அழகாகச் சுற்றும். சுற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே சண்முகப்பிரியா ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, தம்பி கடைக்கு ஓட்டுப் போட்டீங்களா?”

“நீ போட்டுட்டியா?”

“நானு மொத நாளே போட்டனுங்க.”

“என்ற மெஷினுக்கு?”

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “அதான் ஓடிபி வரலைன்னு அப்பவே சொன்னனுங்களே.”

ஒன்றரை வருஷமாக வராத ஓடிபி தம்பிக்கு மட்டும் ஒரு நிமிஷத்தில் வந்திருக்கிறது. குகன் போனை எடுத்தான். கோவை, திருப்பூர் பக்கத்துக் கட்டைப் பைத்தியங்கள் நூற்று நாற்பது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தான். ஆரம்பித்தவன் அவன்தான். குழுவின் முகப்பில் ஒன்றரை வருஷமாக அவனுடைய மெஷின் படம் இருந்தது. இப்போது அங்கே பனியன் கடை இருந்தது. யார் மாற்றினார்கள் என்று பார்த்தான். நித்தீஷ். அவிநாசிக்காரன், முதல் கட்டை வாங்கும்போது எந்தக் கடையில் வாங்கலாம் என்று குகனிடம் கேட்டு வாங்கியவன். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இங்கே உள்ளூர் மாடுதான் போய்க்கொண்டிருந்தது. அது பக்கத்துத் தொழுவத்து மாடாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்றுவிட்டு எல்லோரும் கண்ணயர்கிற நேரத்தில், குகன் அந்தத் தளத்தில் ‘செக்கர்’ என்ற பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினான். பரணியின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு எழுத உட்கார்ந்தான். நாலு வார்த்தை திட்டிவிட்டு வரத்தான் போனான். ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் கையை விடுமா? எழுத எழுத அது இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டாகவே வந்து நின்றது. மேஜர் மூன்று: வெள்ளைச் சுவரில் மூன்று ஷேடு, கூரையின் இடது ஓரம் வலதைவிட ஒரு குமிழ் நீளம், கடைப் பலகையில் எழுத்து சாய்வு. மைனர் ஒன்பது: குவியலில் நாலாவது சட்டை தலைகீழ், பின்சுவரில் இடைவெளி, பொம்மைப் பெண்ணின் கொண்டையில் கீறல் என்று வரிசையாக. கீழே, கம்பெனியில் தினமும் எழுதுகிற வரியைக் கை தானாகவே எழுதியது. ‘முடிவு: ஃபெயில். ரீவொர்க் செய்து ரீ-இன்ஸ்பெக்ஷனுக்கு வைக்கவும்.’

அனுப்பிவிட்டுத்தான் படித்துப் பார்த்தான். பனியன் தொழிலில் ஃபெயில் என்பது கதையின் முடிவு இல்லை. தப்பையெல்லாம் சரி செய்து திரும்பக் கொண்டுவந்து வைத்தால், ஃபெயில் போட்டவனேதான் வந்து மறுபடி பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதே கை பாஸ் போட வேண்டும். அதிலிருந்து ஒரு கியூசிக்காரனும் தப்பிக்க முடியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இதுதான்.

அவன் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. பொம்மைக் கடையை இவ்வளவு கர்ம சிரத்தையாகச் சோதித்து ஃபெயில் போட்ட ஆள் யார் என்று தளமே சிரித்தது. செகண்ட்ஸ் கடையிலேயே தப்புக் கண்டுபிடிக்கிறாரே, அங்கே விற்பதே தப்பான சரக்குத்தானே என்று ஒருவர் எழுதினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போகிற போக்கில் வாக்கையும் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரே வாரத்தில் ஆறாயிரம். பரணியோ கோபித்துக்கொள்ளவில்லை. ‘நன்றிங்க ஐயா, சரி பண்ணிக் கொண்டாறனுங்க’ என்று தமிழிலேயே பதில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சரி செய்து படம் ஏற்றினான். மைனர் ஒன்று முடிந்தது. மைனர் இரண்டு முடிந்தது. தெரியாத நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் கைதட்டினார்கள். மூன்று ஷேடு வெள்ளையை அவன் மாற்றவே இல்லை. அடர்ந்ததைக் கீழே, வெளிறியதை மேலே என்று வரிசைப்படுத்தி, மழைத் தண்ணீர் ஊறிய சுவராக ஆக்கிவிட்டான். அந்தப் படத்தைப் பார்த்த அன்று குகனுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பையே அழகாக்குகிறவனை என்ன செய்ய முடியும்?

ஒன்பதாயிரத்து இருநூறு ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, பரணி அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். வண்டியை மெதுவாக ஓட்டி வந்திருக்கிறான், சட்டையெல்லாம் வேர்வை. பெட்டியை மேசை மேல் வைத்துக் கடையை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தான்.

“மாமா, ரீவொர்க் முடிஞ்சுதுங்க. ரீ-இன்ஸ்பெக்ஷனுக்குக் கொண்டாந்துட்டனுங்க.”

குகனுக்கு முகம் சூடாகிவிட்டது. “என்ன மாப்ள, எங்கிட்டக் கொண்டாந்திருக்கற?”

“பின்னே யாருகிட்டக் கொண்டு போறதுங்க? பொம்மைக் கொண்டைக்கு மைனர் போடறதுக்கு உங்களை உட்டா இந்த லோகத்துல ஆரு இருக்கறாங்க?”

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் குகனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்முகப்பிரியா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “படிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. ஊட்டுல எஞ்சோத்துக்கு மைனர் போடறவரு வேற எங்க போவாரு” என்று சொல்லிச் சிரித்தாள். அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள். ஆள் தெரியாமல் கல்லெறிந்ததாக நினைத்தவன், நடுத்தெருவில் பட்டப்பகலில் நின்று எறிந்திருக்கிறான்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான். மேஜர் மூன்றும் சரி. மைனர் ஒன்பதும் சரி. படத்தில் பார்த்ததைவிடக் கடை நேரில் அழகாக இருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தப் பொம்மைக் கணவனைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டான். பிறகு, குழந்தைச் சட்டையில் பொத்தானை இழுத்துப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு பாகத்தையும் விரலால் லேசாக இழுத்துப் பார்த்தான். முன் தூணுக்கு வந்தான். விரல் நின்றது.

தூண் கீழே ஒற்றைக் குமிழில் நின்றுகொண்டிருந்தது. சட்டைக் குவியல் மறைத்ததால் படத்தில் அது தெரியவில்லை. மேலே கூரைப் பாரம் அழுத்துவதால் நிற்கிறதே தவிர, பிடிப்பு கிடையாது. பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் தூண் சாயும், கூரையும் கூடவே வரும். அடியில் இரண்டு கட்டை சேர்த்துச் செருகினால் போதும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைச் செய்யாமல் அனுப்பினால், கம்பெனியில் முதலில் தொடுகிறவன் கையோடு கடை போய்விடும். வாக்கு பத்தாயிரம் ஆன பிறகு டிசைனில் ஒரு கட்டையைக்கூட மாற்ற விட மாட்டார்கள்.

குகன் விரலை எடுக்காமல் யோசித்தான். மறுபடி ஃபெயில் போட்டால் பொறாமை என்று ஊர் சொல்லும், கடை நிற்கும். பாஸ் போட்டால் பெரிய மனசு என்று ஊர் சொல்லும், கடை விழும். தளத்தில் ஆயிரக்கணக்கான பேர் செக்கர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள். பொறாமைப்படுகிறவன் நல்லவனாகத் தெரிவதற்கு இப்படியொரு வசதி சுலபத்தில் அமையாது.

விரலை எடுத்துக்கொண்டான். “எல்லாம் சரியா இருக்குது மாப்ள” என்றான். அங்கேயே, அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போனை எடுத்து எழுதினான். ‘ரீ-இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. பாஸ். குகன், திருப்பூர்.’

பரணியின் கண் கலங்கிவிட்டது. நாலே நாளில் பத்தாயிரம் தாண்டியது. வாட்ஸ்அப் குழுவில் குகனின் பெரிய மனசைப் பற்றி ஆளாளுக்கு எழுதினார்கள். மாமியார் கமலாம்பாள் மங்கலத்திலிருந்து தூக்குப்போசி நிறைய ஒப்பிட்டு, அதாவது பருப்புப் போளி, சுட்டுக் கொடுத்தனுப்பினாள். “சொந்த மச்சினனுக்கு இப்பிடி ஆரு பண்ணுவாங்க சாமி” என்று போனில் வேறு சொன்னாள். ஒப்பிட்டு நெய்யில் மினுங்கியது. குகன் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு மீதியைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் விநியோகித்துவிட்டான்.

ஐந்து மாதம் போனது. அதற்கு நடுவில் குகனின் மெஷினுக்கு இரண்டு வருஷக் கெடு முடிந்து, நானூற்று ஐம்பத்தொன்பது வாக்கோடு தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு நாள் கம்பெனி வரும் வருஷத்துப் புது செட்டுகளின் பட்டியலை வெளியிட்டது. குகன் செக்கிங் டேபிளின் ஓரத்தில் நின்று படித்தான். விண்கலம் இருந்தது, கலங்கரை விளக்கம் இருந்தது, தட்டச்சு மெஷின் இருந்தது. பனியன் கடை இல்லை. பரணிக்குத் தனியாக இரண்டு வரிக் கடிதம் வந்திருந்தது. யோசனை எங்களுக்கு மிகவும் பிடித்தது, ஆனால் கை பட்டால் முன் தூண் சாய்ந்து கூரை விழுகிறது, ஆகவே எடுக்க முடியவில்லை.

குகனுக்குச் சந்தோஷம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். கையிலிருந்த டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு தேடிப் பார்த்தான், காணவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணி வந்தான். வெறும் கையோடுதான் வந்தான். சண்முகப்பிரியா தம்பியை உட்கார வைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, முகம் தெரியாத வெள்ளைக்காரர்களைப் பிடித்து வைது தீர்த்தாள்.

“உங்க மாமன் கண்ணுக்குப் படாத தப்பு இவனுக கண்ணுக்குப் பட்டிருச்சாக்கும். பதினெட்டு வருசமாச் சட்டை பாக்கற கண்ணு. நீயி உட்டுத் தள்ளு கண்ணு.”

குகன் பேப்பரை மடித்து வைத்தான். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது ஊசியாக இறங்கியது.

பரணி காப்பியைத் தொடவில்லை. “மாமா, ஒண்ணு கேக்கறனுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க” என்றான். “அன்னைக்கு உங்க வெரலு அந்தத் தூண்ல போயி நின்னுச்சுங்க. நாம் பாத்துட்டே இருந்தனுங்க. எனக்கே அதுல ஒரு சந்தேகந்தானுங்க. நீங்க பாஸ் போட்டதுனால உட்டுட்டனுங்க. அது உங்களுக்குத் தெரியலைங்களா?”

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் அதோடு முடிந்துவிடும். மச்சினன் நம்புவான், மனைவி நம்புவாள், மாமியார் அடுத்த நோம்பிப் பண்டிகைக்கும் ஒப்பிட்டு அனுப்புவாள். குகன் வாயைத் திறந்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குகிற பையரின் ஆட்களே, குகன் பார்த்துவிட்டால் நாங்கள் பெட்டியைப் பிரிக்க மாட்டோம் என்று சொல்கிற அந்தக் கண்ணுக்கு, தொட்டால் விழுகிற தூண் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

“தெரிஞ்சுது மாப்ள.”

அது நேர்மை இல்லை. கண் பழுது என்று ஒத்துக்கொள்வதைவிட மனசு பழுது என்று ஒத்துக்கொள்வது அவனுக்கு லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

சண்முகப்பிரியா கையில் காப்பிச் செம்போடு நின்றுவிட்டாள். பரணி அப்போதும் மாமனுக்கு ஒரு வழி விட்டான்.

“மைனருன்னு நெனைச்சு உட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டச் சொல்லி மனசு கெஞ்சியது. ஆனால் மேஜரை மைனர் என்று அவன் ஒரு நாளும் எழுதியதில்லை.

“இல்ல. மேஜருதான்.”

பரணி காப்பியைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினான்.

“போயிட்டு வரனுங்க அக்கா” என்றான். அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.